நாலே கால் சுற்று

எனக்கு முன் வைத்திருந்தவர்
பின்பக்கம் ஒரு கமான் பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார்,
ஜல்லி ஏற்றினாரோ கரும்பு ஏற்றினாரோ.
அதனால் இந்தப் பிக்கப்
மேய்கிற மாடு மாதிரி மூக்கைத் தாழ்த்தியே நிற்கும்.
அதிலும் வலது பக்கம் ஒரு விரல் அதிகம்.
"ஓட்டுறவர் பக்கம்ல" என்று
என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள் செங்கமலம்.

கொரடாச்சேரியில், ஆற்றங்கரையை ஒட்டி, தாவூத்கனி பட்டறை.
மனிதர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் பேசுவார்.
அந்தக் குரலுக்கு முகம் கிடையாது,
இரண்டு ரப்பர் செருப்புகள் மட்டும்.
"முன்னாடி சுருள் இல்லீங்க. நீளமா ரெண்டு கம்பி.
ஈரத்துணியப் பிழியிற மாதிரி முறுக்கி வச்சிருக்கு.
அது நிமிரப் பாக்குது,
அந்த வீம்புலதான் வண்டி நிக்குது."

முதலில் அளக்க வேண்டும்.
அளக்கச் சமமான இடம் வேண்டும்.
பார்வை போகிற வரை தட்டையாய்க் கிடக்கிற இந்த ஊரில்
ஒரு வண்டி நிற்கச் சமமாகப் பத்தடி இல்லை.
பட்டறைத் தரை ஆற்றுப் பக்கம் சரிவு.
ரோட்டோரம் வாய்க்கால் பக்கம் சரிவு.
களம், தண்ணீர் வடிய, நடுவில் மேடு.

பஞ்சர் ஒட்ட வந்த லஸ்கர் வேதையன்
எதிரே வீடு கட்டுகிற கொத்தனாரிடம் டியூப் வாங்கிவந்து
ஆற்றுத் தண்ணீரையே நிரப்பினார்.
ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில்.
குமிழி போகட்டும் என்று நின்றோம்.
தண்ணீர் ஆடி ஆடி
நான்கு சக்கரத்துக்கும் தரை எவ்வளவு பொய் என்று சொன்னது.
அங்கங்கே பலகை வைத்து அடைத்தோம்.

"மதகுல நான் நாலு சுத்து சுத்துனா
நாப்பது வேலி நனையும்.
இது எத்தன சுத்து?"
செருப்புகள் பதில் சொல்லின:
"இடது மூணு. வலது நாலே கால்."

ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்க,
போல்ட் தலையில் சாக்பீஸால் ஒரு கோடு.
டீசல் ஊற்றி ஊறவிட்டு ஸ்பேனரை மாட்டினார்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல்,
துருவா அவரா தெரியவில்லை.
இறக்கியவுடன் அளக்கக் கூடாதாம்.
ரயில்வே கேட் வரை போய்
வேகத்தடையில் இரண்டு முறை ஏறி இறங்கி வந்தேன்.
முன்னும் பின்னும் ஒரே உயரம்.
வேதையன் டியூப்பை ஆற்றைப் பார்த்துக் கவிழ்த்தார்.

மறுநாள் ராத்திரி குறுவை நெல் முப்பத்திரண்டு மூட்டை.
கிளம்பினால்
ரோட்டைக் காணோம்.
தென்னங்குருத்து பளிச்சென்று தெரிகிறது,
மின்கம்பியில் தூங்கும் காக்கை தெரிகிறது.
ஸ்டீயரிங் கையில் ஓடம் மாதிரி மிதக்கிறது.
எதிரே வந்த பஸ்காரன் விளக்கை அடித்து அடித்து
என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.
செங்கமலம் செல்போன் வெளிச்சத்தை வெளியே நீட்டி
பள்ளம் பள்ளமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொள்முதல் நிலையத்தில் எங்களுக்கு முன் பதினோரு டிராக்டர்.
தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்:
"காலி வண்டிக்குச் சமம் பாத்தா எப்படி?
நாம என்னிக்குக் காலியா போனோம்?"

விடிந்ததும் தாவூத்கனி வண்டி நிற்கிற இடத்துக்கே வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. வானம் பார்த்த பானட்டைப் பார்த்தார்,
படுத்தார்.
சுமை தூக்குகிறவர்கள் பீடியோடு குந்திப் பார்த்தார்கள்.
சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்ததாம்.
இரண்டு பக்கமும் இரண்டு சுற்று பின்னால்.
"கூலி?" என்றேன்.
"ஒரு தடவ திருகுனதுக்கு வாங்கிட்டேன்,
அவுக்குறதுக்கெல்லாம் கிடையாது."

சாயங்காலம் மூட்டை இறங்க இறங்க
வண்டி பழையபடி மூக்கைத் தாழ்த்தியது,
முன்பைவிட ஒரு விரல் குறைவாக.
வலதும் இடதும் மட்டும் ஒன்றுபோல.

திரும்பும்போது வெளிச்சம் கிட்டத்திலேயே விழுந்தது,
இருபதடி இருக்கும்.
அவள் தூங்கிவிட்டாள்.
வயலிலிருந்து ஏறிய நண்டு ஒன்று
தார் ரோட்டின் நடுவில் நின்று
கொடுக்கைத் தூக்கி என்னை மறித்தது.
பிரேக்கைத் தொட்டேன்.
பக்கவாட்டிலேயே நடந்து அது அந்தப் பக்கம் இறங்கும் வரை
இஞ்சினை அணைக்காமல் இருந்தேன்.